கடவுச்சொல் கேட்காத நிர்வாகி உரிமை: காவல் எங்கே இடம் மாறுகிறது?

விண்டோஸில் ஒரு நிரலைத் திறக்கிறீர்கள். திரை சட்டென்று மங்குகிறது. உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய இந்த நிரலை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே 'எஸ்' அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறீர்கள். லினக்ஸ் என்றால், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், ஒரு கட்டளையை நிர்வாகியாக ஓட்ட உதவும் சூடோவைப் போட்டதும் கடவுச்சொல் கேட்கும். கால்மணி நேரம் கழித்து மறுபடி கேட்கும். பக்கத்திலேயே இன்னொரு டெர்மினல் திறந்தால் அங்கேயும் முதலிலிருந்து கேட்கும். நாள் முழுக்க இப்படியே போனால் யாருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும்: இந்தத் தொல்லையை ஒரேயடியாக நிறுத்திவிட முடியாதா?

முடியும். எல்லா இயங்குதளங்களிலும் வழி இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நிறுத்தும்போது உள்ளே என்ன மாறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சொல் கேட்கும் வரை நிர்வாகி உரிமைக்கான காவல் உங்கள் நினைவில் இருக்கிறது. அந்தச் சொல் தெரிந்தவர்தான் உள்ளே போக முடியும். கேட்பதை நிறுத்தியதும் அந்தக் காவல் வட்டில் கிடக்கும் ஒரு கோப்புக்கு மாறிவிடுகிறது. 'இந்தக் கோப்பை ஓட்டினால் ஒன்றும் கேட்காதே' என்று கணினிக்குச் சொல்லி வைத்துவிட்டீர்கள். அப்படியானால் அந்தக் கோப்பை யாரால் மாற்றி எழுத முடிகிறதோ, அவர்தான் இனி நிர்வாகி. இதில் விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதமே கிடையாது.

எதற்காகக் கேட்கிறது

யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் 0 என்ற எண்ணுள்ள பயனர்தான் ரூட். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மற்ற எல்லாருக்கும் உண்டு. ஆனால் சாதாரணப் பயனருக்கும் சில சமயம் ரூட்டின் கை தேவைப்படும். சொந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றாலே, ரூட் மட்டும் எழுதக்கூடிய கோப்பில் எழுதியாக வேண்டும். இதற்கு டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்த தீர்வுதான் செட்யூஐடி. ஒரு நிரலின் மேல் அந்தக் குறியைப் போட்டுவிட்டால், யார் ஓட்டினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1973இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1979இல் கிடைத்தது. கடவுச்சொல் மாற்றும் நிரலும் சரி, சூடோவும் சரி, இன்றுவரை இந்தக் குறியை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

சூடோ பிறந்தது 1980 வாக்கில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில். பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் ஒரு வாக்ஸ்-11/750 கணினிக்காக எழுதினார்கள். அதற்கு முன் நிர்வாகி வேலை பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் ரூட்டின் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் எல்லாருக்கும் புதுக் கடவுச்சொல். யார் எதைக் கெடுத்தார் என்பதற்கும் தடயம் இருக்காது. சூடோ வந்த பிறகு அவரவர் தம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும் என்றானது. யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார் என்பதும் பதிவாகிவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உங்களுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்பதைக் கடவுச்சொல் முடிவு செய்வதில்லை. அதைச் சூடோயர்ஸ் என்ற கோப்பு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. விசைப்பலகை முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்தானா என்பதை உறுதி செய்ய மட்டுமே கடவுச்சொல் கேட்கப்படுகிறது. ஆகவே கேட்பதை நிறுத்தினால் உங்களுக்குப் புதிதாக எந்த உரிமையும் வந்து சேராது. உங்கள் பெயரில் ஓடும் மற்ற எல்லாவற்றுக்கும் அந்த உரிமை போய்ச் சேரும். பிரவுசர், அதன் நீட்சிகள், எங்கிருந்தோ இறக்கிய ஒரு விளையாட்டு, நேற்று நிறுவிய ஏதோ ஒரு பைத்தான் தொகுப்பு, எல்லாமே உங்கள் பெயரில்தான் ஓடுகின்றன.

அதற்காகக் கடவுச்சொல்லைப் பெரிய கோட்டைச் சுவர் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் கணக்கில் நுழைந்துவிட்ட தீநிரல் ஒன்று, டெர்மினலில் நீங்கள் தட்டுவதை ஏற்று ஓட்டும் ஷெல் என்ற நிரலின் தொடக்கக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, சூடோ என்று நீங்கள் தட்டும்போது தன் போலிச் சூடோ ஓடும்படி செய்துவிட முடியும். நீங்களே கடவுச்சொல்லைத் தட்டித் தருவீர்கள். போதாததற்கு, உங்கள் படங்கள், வங்கிப் பக்கத்தின் உள்நுழைவு, மின்னஞ்சல் எதையும் திருட நிர்வாகி உரிமையே தேவையில்லை. சரி, அப்புறம் எதற்கு இந்தக் கேள்வி? டீ குடிக்க எழுந்து போன நேரத்தில் வேறொருவர் விசைப்பலகையில் கை வைத்தால் தடுக்கும். நீங்களே தவறான கட்டளையைத் தட்டிவிட்டால் ஒரு நொடி நிறுத்தி யோசிக்க வைக்கும். சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட தீநிரல்களையும் வடிகட்டும். இவ்வளவுதான். இதுவே போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

சூடோ: கேட்பதைக் குறைப்பதும் நிறுத்துவதும்

முதலில், குறைப்பது. ஒருமுறை கடவுச்சொல் கொடுத்ததும் சூடோ அதை நேரக்குறியோடு பதிவு செய்துகொள்கிறது. சூடோவின் இயல்பான கெடு 5 நிமிடம். டெபியன், உபுண்டு இரண்டும் அதை 15 நிமிடமாக வைத்துத் தருகின்றன. டைம்ஸ்டாம்ப் டைம்அவுட் என்ற அமைப்பில் இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். 60 என்று போட்டால் ஒரு மணி நேரம் கேட்காது. 0 போட்டால் ஒவ்வொரு முறையும் கேட்கும். எதிர்மறை எண் போட்டால், ஒருமுறை கொடுத்தது கணினியை மறுபடி தொடங்கும் வரை செல்லும். வேலை முடிந்து எழும்போது சூடோவுடன் மைனஸ் கே சேர்த்து ஓட்டினால் அந்தப் பதிவு உடனே செல்லாமல் போகும். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதும். கடவுச்சொல்லை அறவே ஒழிக்க வேண்டிய அவசியம் வராது.

இன்னொரு டெர்மினலில் மறுபடி கேட்பது ஏன் என்றால், அந்தப் பதிவு டெர்மினல்வாரியாக வைக்கப்படுகிறது. டைம்ஸ்டாம்ப் டைப் என்ற அமைப்பைக் குளோபல் என்று மாற்றினால் எல்லா டெர்மினலுக்கும் ஒரே பதிவு. சௌகரியம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் பின்னணியில் உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் சத்தமில்லாமல் சூடோவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நான் இதை மாற்றுவதில்லை.

அடுத்தது, முழுக்க நிறுத்துவது. சூடோயர்ஸ் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு வடிவம் உண்டு. முதலில் பயனர் பெயர், அடுத்து எந்தக் கணினியில், அடைப்புக்குள் யாராக ஓடலாம், பிறகு நோபாஸ்வேர்ட் என்ற குறியும் முக்காற்புள்ளியும், கடைசியில் கட்டளையின் முழுப் பாதை. இந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறந்து எழுதாமல் விசூடோ என்ற கட்டளையால்தான் திறக்க வேண்டும். அது இலக்கணத்தைச் சரிபார்த்த பிறகே சேமிக்கும். ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் சூடோவே மக்கர் பண்ணக்கூடும், அதைத் திருத்தவும் சூடோ தேவைப்படும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

வரி சேர்த்தும் வேலை செய்யவில்லை என்று பலர் புலம்புவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். சூடோயர்ஸில் ஒரே கட்டளைக்குப் பல வரிகள் பொருந்தினால் கடைசியாக வருவதுதான் செல்லும். உங்கள் வரிக்குக் கீழே, சூடோ குழுவினர் எல்லாம் செய்யலாம் என்ற பொது வரி இருந்தால், அது உங்கள் நோபாஸ்வேர்டை அழித்துவிடும். ஆகவே வரியைக் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் சூடோயர்ஸ்.டி கோப்புறைக்குள் தனிக் கோப்பாக வையுங்கள். இரண்டாவது காரணம் அந்தத் தனிக் கோப்பின் பெயர். பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பேக்கப்.கான்ஃப் என்று அழகாகப் பெயர் வைத்தவர்கள் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

பலரும் செய்வது, கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் 'ஆல்' என்று போட்டுவிடுவது. எல்லாக் கட்டளைக்கும், எப்போதும், கேள்வியே இல்லை. இது சரியாக இருக்கும் இடமும் உண்டு. மேகக் கணினிகளில் கிடைக்கும் உபுண்டுவில் இயல்பான பயனருக்கு இப்படித்தான் கொடுத்திருப்பார்கள். அந்தக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது, தொலைவிலிருந்து இணையும் எஸ்எஸ்எச் வழியாக ஒரு சாவிக் கோப்பை வைத்துத்தான் நுழைகிறீர்கள், எனவே கேட்பதற்கு ஒன்றுமில்லை. ராஸ்பெர்ரி பை கணினிகளின் 'பை' பயனருக்கும் பல ஆண்டுகள் இதே சலுகை இருந்தது. அங்கே ஊருக்கே தெரிந்த கடவுச்சொல்லும் சேர்ந்துகொண்டதால் ஆபத்து இரட்டிப்பானது. 2022 ஏப்ரலில் அந்த இயல்பான பயனரையே எடுத்துவிட்டார்கள். பிரவுசரும் மின்னஞ்சலும் ஓடும் மேசைக் கணினியில் 'ஆல்' போடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

சரி, குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். அதையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். தினமும் காப்புப்பிரதி எடுக்க, கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் தயாரித்து, உங்கள் ஹோம் கோப்புறையில் பின் என்ற உள்கோப்புறைக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பாதையைச் சூடோயர்ஸில் சேர்த்தாயிற்று. ஸ்கிரிப்ட் உங்களுக்குச் சொந்தம் என்பதால் உங்கள் பெயரில் ஓடும் எதுவும் அதில் ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த முறை அந்த வரி ரூட்டாக ஓடும். இதை உணர்ந்த சிலர், ஸ்கிரிப்டின் உரிமையாளரை ரூட்டாக மாற்றி, மற்றவர்கள் எழுத முடியாதபடி பூட்டிவிடுவார்கள். பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறை இன்னும் உங்களுடையது. யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயரை மாற்றவோ அழிக்கவோ கோப்பின் மேல் உரிமை தேவையில்லை, கோப்புறையின் மேல் எழுதும் உரிமை இருந்தால் போதும். பூட்டிய ஸ்கிரிப்டுக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, அதே பழைய பெயரில் புதிய ஸ்கிரிப்ட் ஒன்றை அங்கே வைத்துவிடலாம். சூடோ பாதையைத்தான் பார்க்கிறது. பாதை மாறவில்லை. வேலை முடிந்தது.

ஆகவே அந்த ஸ்கிரிப்ட் யூஎஸ்ஆர் கோப்புறையில் லோக்கலுக்குள் இருக்கும் எஸ்பின் போன்ற ஓர் இடத்துக்குப் போக வேண்டும். கோப்பும் அதற்கு மேலே உள்ள கோப்புறைகள் அனைத்தும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் உள்ளே வேறு ஏதாவது அமைப்புக் கோப்பைப் படித்து ஓட்டினால் அந்தக் கோப்புக்கும் இதே விதிதான்.

கட்டளையின் உள்ளீடுகளிலும் ஓட்டை இருக்கும். சூடோயர்ஸில் கட்டளைக்குப் பின்னால் எதுவும் எழுதாமல் விட்டால், எந்த உள்ளீட்டோடும் ஓட்டலாம் என்று பொருள். எதற்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியான உடுக்குறி போட்டால் இன்னும் மோசம். லாக் கோப்புறையில் உள்ளதை மட்டும் படிக்கட்டும் என்று நினைத்து, கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளைக்கும் அந்தக் கோப்புறைப் பாதைக்கும் பின்னால் உடுக்குறி போட்டுக் கொடுத்தால், அந்தக் குறி இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். ஒரு லாக் கோப்பின் பெயர், ஓர் இடைவெளி, அடுத்து கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பின் பாதை என்று தட்டினால் இரண்டையும் காட்டிவிடும். கோப்பைத் திருத்தும் விம், பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் போன்றவற்றை ரூட்டாக ஓட்ட அனுமதித்தால் அவற்றின் உள்ளிருந்தே ஒரு ஷெல்லைத் திறந்துகொள்ளலாம். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளைக்கும் இதே கதிதான். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மாதிரி வெறும் நிலவரம் சொல்லும் அப்பாவிக் கட்டளைகூட இதில் மாட்டியது. விவரம் நீளமாக இருந்தால் அது லெஸ் வழியாகக் காட்டும், லெஸ்ஸிலிருந்து ஷெல்லுக்குப் போகலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 247க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த இந்த ஓட்டைக்கு 2023இல் தனி அடையாள எண்ணே கொடுத்தார்கள். கோப்பைத் திருத்த மட்டும்தான் உரிமை வேண்டும் என்றால் சூடோஎடிட் இருக்கிறது. அது கோப்பின் நகலை உங்கள் உரிமையிலேயே திறந்து, நீங்கள் முடித்த பிறகு உரிய இடத்தில் எழுதிவிடும்.

வரைகலைச் சூழலில் பிரிண்டர் சேர்க்கும்போதோ மென்பொருள் புதுப்பிக்கும்போதோ வரும் கடவுச்சொல் பெட்டிக்கும் சூடோவுக்கும் சம்பந்தமில்லை. அது பால்கிட் என்ற வேறொரு ஏற்பாடு. சூடோயர்ஸில் என்ன எழுதினாலும் அந்தப் பெட்டி வந்துகொண்டேதான் இருக்கும். பால்கிட்டின் விதிக் கோப்புகளை ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுத வேண்டும். இந்தக் குழுவினர் இந்த ஒரு செயலைச் செய்தால் கேட்காதே என்று அதில் செயல்வாரியாகச் சொல்லிவிடலாம். கோப்பின் பாதையை நம்பாமல் செயலின் பெயரை வைத்து அனுமதி கொடுப்பதால், இந்த வேலைக்குச் சூடோவைவிடப் பொருத்தமானது என்பேன்.

விண்டோஸ்: எரிச்சலூட்டவே செய்த பெட்டி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியில் எல்லாருமே நிர்வாகிதான். எந்த நிரலும் எதையும் எங்கும் எழுதலாம். நிரலாளர்களும் அதற்கேற்பவே எழுதினார்கள். பயனரின் சின்னச் சின்ன விருப்பத் தேர்வுகளைக்கூடப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போய் எழுதி வைப்பார்கள். வைரஸ்களுக்குக் கொண்டாட்டம். விஸ்டாவில், அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 2007 ஜனவரியில், யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல் என்ற யுஏசி வந்தது. நீங்கள் நிர்வாகியாகவே உள்நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அடையாளச் சீட்டுகளைத் தயாரிக்கிறது. அன்றாட வேலையெல்லாம் அதிகாரம் குறைந்த சீட்டில் நடக்கும். முழு அதிகாரச் சீட்டு தேவைப்படும்போது திரை மங்கி, பெட்டி வரும். நிர்வாகிக்கு 'எஸ்', 'நோ' மட்டும். சாதாரணப் பயனராக இருந்தால் நிர்வாகி ஒருவரின் கடவுச்சொல்லையும் கேட்கும்.

இந்தப் பெட்டியைக் காட்டியே விஸ்டாவைப் பார்த்து ஊர் சிரித்தது. போட்டி நிறுவனமான ஆப்பிள் இதைக் கேலி செய்து விளம்பரமே எடுத்தது. 2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ மாநாட்டில், மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் மேடையிலேயே ஒத்துக்கொண்டார்: பயனர்களுக்கு எரிச்சலூட்டத்தான் இதை வைத்தோம். எரிச்சல் தாங்காமல் பயனர்கள் மென்பொருள் நிறுவனங்களைத் திட்டுவார்கள், நிறுவனங்கள் நிர்வாகி உரிமை கேட்காதபடி நிரலைத் திருத்தும் என்பது கணக்கு. கணக்கு பெருமளவு பலித்தது. இன்று நல்ல நிரல்கள் நிறுவும்போது மட்டும் ஒருமுறை கேட்கின்றன. தினமும் கேட்கும் நிரல் ஒன்று உங்களிடம் இருந்தால், அந்தக் கணக்கு பலிக்காத பழைய நிரல் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

2009இல் வந்த விண்டோஸ் 7இல் நாலு படிகள் உள்ள ஒரு நழுவுபட்டை வந்தது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட சில நிரல்கள் கேட்காமலே உயர்ந்த உரிமை பெறும் ஏற்பாடும் வந்தது. அந்தச் சலுகையை மற்ற நிரல்கள் கடன் வாங்கிக்கொள்ள முடியும் என்பதை அப்போதே சிலர் செய்து காட்டினார்கள். யுஏசியைத் தான் ஒரு பாதுகாப்பு எல்லையாகக் கருதுவதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவந்தது. நழுவுபட்டையை அடியில் இறக்கிவிட்டால் பெட்டியே வராது. நிர்வாகிக் கணக்கில் எந்த நிரல் கேட்டாலும் உடனே கொடுத்துவிடும். ஒரே ஒரு நிரலின் தொல்லைக்காக எல்லா நிரலுக்கும் கதவைத் திறந்துவிடும் வேலை இது. வேண்டாம்.

ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் பெட்டியை நிறுத்த நல்ல வழி, விண்டோஸில் வேலைகளை முன்கூட்டியே குறித்து வைக்கும் டாஸ்க் ஷெட்யூலர். அதில் கிரியேட் டாஸ்க் போட்டு, ஜெனரல் தாவலில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' என்பதை டிக் செய்யுங்கள். ஆக்‌ஷன்ஸ் தாவலில் நிரலின் பாதையைக் கொடுங்கள். நேரம் எதுவும் குறிக்க வேண்டாம். அந்த டாஸ்க்கை ஓட்டும் கட்டளையை வைத்து டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டால் அவ்வளவுதான், கிளிக் செய்ததும் பெட்டி இல்லாமலே நிர்வாகி உரிமையோடு திறக்கும். டாஸ்க்கை உருவாக்கும்போது மட்டும் ஒருமுறை அனுமதி கேட்கும். நீங்கள் நிர்வாகிகள் குழுவில் இருந்தால்தான் இது பலிக்கும். சாதாரணப் பயனருக்கு 'ஹையஸ்ட்' என்பது அவருக்கு இருக்கும் குறைந்த உரிமைதான்.

இதிலும் இரண்டு உள்குத்து உண்டு. கண்டிஷன்ஸ் தாவலில், மின்இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்தியும் வராது. செட்டிங்ஸ் தாவலில், 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்பதும் டிக் ஆகியிருக்கும். கணினியை அணைக்காமலே வைத்திருப்பவர்களுக்கு நாலாம் நாள் நிரல் தானாகக் காணாமல் போகும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

பழைய கேள்வி இங்கேயும் வருகிறது. அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது? புரோகிராம் ஃபைல்ஸுக்குள் என்றால் கவலை குறைவு, அங்கே எழுதவே நிர்வாகி உரிமை வேண்டும். டவுன்லோட்ஸிலோ டெஸ்க்டாப்பிலோ ஆப்டேட்டாவிலோ கிடக்கும் நிரலுக்கு இப்படி டாஸ்க் போட்டால், உங்கள் பெயரில் ஓடும் எந்தத் தீநிரலும் அந்தக் கோப்பை மாற்றி வைத்துவிட்டு, டாஸ்க்கை ஓட்டி, பெட்டி வராமலே நிர்வாகி ஆகிவிடலாம். லினக்ஸ் ஸ்கிரிப்டுக்கு நடந்த அதே கதை. முதலில் நிரலைப் பத்திரமான கோப்புறைக்கு நகர்த்துங்கள், அப்புறம் டாஸ்க் போடுங்கள்.

ஒரு நிரலை வேறொரு பயனராக ஓட்டும் ரன்ஆஸ் கட்டளையோடு சேவ்கிரெட் என்பதைச் சேர்த்துக்கொள்ளும் வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஒருமுறை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் விண்டோஸ் அதைச் சேமித்துக்கொள்ளும், அடுத்த முறை கேட்காது. கடையில் வேலை பார்ப்பவருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லாமலே ஒரு நிரலை மட்டும் திறக்கக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சேமிக்கப்பட்ட அந்தக் கடவுச்சொல் அந்த ஒரு நிரலோடு கட்டப்படுவதில்லை. அதே பயனர் அதே கட்டளையில் வேறு எந்த நிரலின் பெயரைப் போட்டாலும் ஓடும், கமாண்ட் பிராம்ப்ட் உட்பட. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை இது.

அந்த நிரலுக்கு நிர்வாகி உரிமை தேவையா

சின்ன அலுவலகங்களில் வழக்கமாக நடப்பது இது. பழைய கணக்கு மென்பொருள் ஒன்று, திறக்கும்போதெல்லாம் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். முதலாளி முதல் வாரம் எழுந்து வந்து தானே தட்டுவார். இரண்டாம் வாரம் வாயால் சொல்லிவிடுவார். மூன்றாம் வாரம் அது ஒரு சீட்டில் எழுதப்பட்டு மானிட்டரில் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மென்பொருளுக்கு உண்மையில் வேண்டியது நிர்வாகி உரிமை அல்ல, ஏதோ ஒரு கோப்புறையில் எழுதும் உரிமை மட்டுமே.

எந்தக் கோப்புறை என்று கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் பிராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதை நிர்வாகியாக ஓட்டிவிட்டு, மென்பொருளைச் சாதாரணப் பயனராகத் திறக்க வேண்டும். முடிவு என்ற நெடுவரிசையில் 'ஆக்சஸ் டினைட்' என்று வரும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், எந்தக் கோப்பில் கை வைக்கப் போய் அடிவாங்குகிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் புரோகிராம் ஃபைல்ஸில் அதன் சொந்தத் தரவுக் கோப்புறையாக இருக்கும், இல்லாவிட்டால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கிளை. அதற்கு மட்டும் அந்தப் பயனருக்கு மாற்றும் உரிமை கொடுத்தால் போதும். நிரல் கோப்பே இருக்கும் கோப்புறை முழுவதற்கும் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு அதே நிரலை நிர்வாகி ஒருவர் திறக்கும்போது பழைய ஓட்டை மறுபடி முளைக்கும்.

நிரல் உண்மையில் எதுவும் எழுதுவதில்லை, சும்மா வழக்கத்துக்குக் கேட்கிறது என்றால், கம்பாட்டிபிலிட்டி அடுக்கில் ரன்ஆஸ்இன்வோக்கர் என்று குறித்து ஓட்டினால் கேட்காமலே திறந்துகொள்ளும். இதில் உரிமை எதுவும் உயர்வதில்லை என்பதால் ஆபத்தும் இல்லை. இன்னொரு வேடிக்கை: தனக்கு என்ன உரிமை வேண்டும் என்ற குறிப்பு இல்லாத பழைய 32 பிட் நிரலின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற சொல் இருந்தால், அது நிறுவும் நிரல் என்று விண்டோஸ் தானே ஊகித்துப் பெட்டியைக் காட்டும். பெயரை மாற்றியதும் பெட்டி போய்விடும்.

லினக்ஸிலும் இதே போலத் தப்பு வழியில் சூடோ போடுபவர்கள் அதிகம். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையைச் செருகினால் போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்று வரும். சூடோ போட்டால் ஓடும், அதிலிருந்து தினமும் சூடோதான். உபுண்டுவில் உங்களை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் பிரச்சினை தீர்ந்தது. பிணையப் பொதிகளைப் பார்க்கும் வயர்ஷார்க்குக்கும் தனிக் குழு உண்டு. அதில் பொதிகளைப் பிடிக்கும் சின்ன நிரலுக்கு மட்டும் உரிமை தந்து, மற்ற பெரிய பகுதியைச் சாதாரணமாக ஓடவிடுவார்கள். 1024க்குக் கீழே உள்ள போர்ட் எண்ணில் ஒரு சேவையை ஓட்ட ரூட் தேவைப்பட்டால், கேப்பபிலிட்டி என்ற பெயரில் லினக்ஸ் ரூட்டின் அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, அந்த ஒரு துண்டை மட்டும் நிரலுக்குக் கொடுக்கலாம். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் டாக்கரின் குழுவில் மட்டும் யோசிக்காமல் சேராதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் மொத்த வட்டையும் ஒரு கன்டெய்னருக்குள் இணைத்து எதையும் மாற்றிவிட முடியும். நோபாஸ்வேர்ட் ஆலுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

இப்போது எந்தப் பக்கம் போகிறது

சூடோ தன் வசதிகளாலேயே பருத்துப்போன நிரல். 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதில் ஒரு நினைவகப் பிழையைக் கண்டுபிடித்தது. 2011 ஜூலையில் நுழைந்த பிழை அது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத பயனரும் அதை வைத்து ரூட் ஆகலாம் என்ற நிலை கிட்டத்தட்ட பத்தாண்டு இருந்திருக்கிறது. பால்கிட்டின் பிகேஎக்ஸெக் கட்டளையில் இருந்ததாக 2022 ஜனவரியில் குவாலிஸே வெளியிட்ட பிழை அதைவிடப் பழசு, 2009இலிருந்தே இருந்தது. இரண்டும் செட்யூஐடி நிரல்கள். யூனிக்ஸ் வழி வந்த ஓபன்பிஎஸ்டி 2015இலேயே சூடோவை அடிப்படை அமைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் மிகச் சிறிய டூஆஸை வைத்தது. உபுண்டு 25.10, ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதப்பட்ட சூடோவை இயல்பானதாக்கியது. 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256இல் உள்ள ரன்0 கட்டளை செட்யூஐடியையே தொடுவதில்லை. ஏற்கெனவே ரூட்டாக ஓடும் சிஸ்டம்டியிடம் வேலையைச் சொல்லி, அதையே தொடங்க வைக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் தானும் சூடோ என்ற பெயரில் ஒரு கட்டளை கொண்டுவந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது எதையும் நினைவில் வைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் யுஏசி பெட்டி வரும். அதே ஆண்டு நவம்பரில் அட்மினிஸ்ட்ரேட்டர் புரொடெக்‌ஷன் என்ற திட்டத்தையும் அறிவித்தது. அதில் நிர்வாகி வேலைகள் மறைவான தனிக் கணக்கில் நடக்கும். கேட்காமலே உரிமை பெறும் விண்டோஸ் 7 காலச் சலுகையும் போகிறது. கேள்விகள் கூடும். பதில் சொல்ல முகமோ விரல்ரேகையோ காட்டினால் போதும். மேக் பக்கம் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. 2023இல் வந்த சோனோமா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல், சூடோலோக்கல் என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்தால் சூடோவுக்கு விரல் வைத்தால் போதும், இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் அந்த வரி அழியாது. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் மட்டும் பழையபடி கடவுச்சொல் கேட்கும்.

உங்கள் கணினியில் முன்பே யாராவது இப்படித் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது எளிது. லினக்ஸில் சூடோவுடன் மைனஸ் எல் சேர்த்து ஓட்டினால் உங்களுக்குள்ள அனுமதிகள் எல்லாம் பட்டியலாக வரும். அதில் நோபாஸ்வேர்ட் இருக்கும் ஒவ்வொரு பாதையிலும் கோப்பு, கோப்புறை இரண்டின் உரிமையாளரையும் பாருங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலின் கிரெடென்ஷியல் மேனேஜரில், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் நிர்வாகிக் கணக்கின் பெயர் தெரிந்தால், யாரோ சேவ்கிரெட் போட்டிருக்கக்கூடும். அதை அங்கேயே நீக்கிவிடலாம். டாஸ்க் ஷெட்யூலரின் நூலகத்தில் முதல் மட்டத்தில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் டிக் ஆகியிருக்கிறதா, நிரலின் பாதை 'யூசர்ஸ்' என்று தொடங்கும் கோப்புறைக்குள் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் அந்த டாஸ்க்கை அழித்துவிட்டு, நிரலை இடம் மாற்றிப் புதிதாகப் போடுங்கள்.